சித்தப்பாவோடு திராஸ் வரை: கார்கில் நாள் பைக் ரைடு எப்படி இருந்தது

2024 ஜூலையில் கார்கில் போரின் 25-ஆம் ஆண்டு. அதையொட்டி ஸ்ரீநகரில் இருந்து திராஸ், கார்கில் வழியாக லே வரை பைக்கில் போகும் ஒரு குழுப் பயணத்தில் நானும் என் சித்தப்பாவும் போய் வந்தோம். முன்னாள் ராணுவத்தினரைக் கௌரவிக்கும் ரைடு என்றுதான் விளம்பரம் செய்திருந்தார்கள். நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பாதையில் ஒவ்வொரு ஜூலையிலும் பலர் பயணம் நடத்துகிறார்கள். நீங்கள் யாரிடம் பதிவு செய்தாலும் நான் சொல்வது உதவும்.

முதலில் எங்களைப் பற்றி. நான் குடியாத்தம் பக்கம். வேலூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறேன். பத்து வருடமாகப் புல்லட் ஓட்டுகிறேன், ஆனால் ஏலகிரி, ஜவ்வாது மலையைத் தாண்டிப் பெரிய மலைப்பாதை எதிலும் ஓட்டியதில்லை. சித்தப்பா 1983-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஆர்மி சர்வீஸ் கோர் என்கிற பிரிவில் லாரி டிரைவர். எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு மிலிட்டரி வீடு இருக்கும், அதனால் சின்ன வயதில் அது எனக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு முறை கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வருவார், எனக்குப் பேனாவும் ஸ்வெட்டரும் வாங்கி வருவார், போய்விடுவார். என் அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு என் படிப்புச் செலவு முழுக்க சித்தப்பாவின் மணியார்டரில்தான் நடந்தது.

கார்கில் போரின்போது அவர் அந்த நெடுஞ்சாலையில் லாரி ஓட்டினார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ரைடு விளம்பரத்தை நான் போனில் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஜோஜி லா ஏறுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த வழியில் வரும் மலைக்கணவாய் அது. அன்று சாயங்காலமே முன்பணம் கட்டிவிட்டேன்.

கட்டணம் வண்டி ஓட்டுகிறவருக்கு 46,000 ரூபாய், பின்னால் உட்காருபவருக்கு 31,000. இதில் வாடகை பைக், பெட்ரோல், தங்கும் இடம், காலை இரவுச் சாப்பாடு எல்லாம் அடக்கம். விமானச் செலவு தனி. ஏழு இரவுகள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். இது நல்ல விஷயம். சித்தப்பாவுக்கு வயது 61. வேலூரில் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்து, மருத்துவரிடம் மலை உயரத்துக்கான மாத்திரை பற்றியும் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினோம்.

ஸ்ரீநகரில் கொடுத்தது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. ஏறக்குறைய 200 கிலோ வண்டி. இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். நான் ஐந்தடி மூன்று அங்குலம்; இரண்டு காலும் முழுதாகத் தரையில் பதியாது, முன்பாதம்தான் படும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி ஓரளவு சரியாகிவிடுகிறது. என்னுடைய வண்டியின் பின் பிரேக் தளர்ந்திருந்தது. சொன்னதும் அங்கேயே சரி செய்தார்கள். ஹெல்மெட்டும் தருகிறார்கள், ஆனால் பலர் போட்டுப் போட்டு உள்பஞ்சு நைந்து போனவை. உங்கள் ஹெல்மெட்டை விமானத்தில் கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

மொத்தம் 22 பைக், 31 பேர். அதில் நான்கு பேர் முன்னாள் ராணுவத்தினர்: சித்தப்பா, பஞ்சாபில் இருந்து ஒரு சுபேதார், கேரளத்தில் இருந்து ஒரு சிக்னல்ஸ்காரர் (ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவு), பீகாரில் இருந்து ஒரு ஹவில்தார். முதல் நாள் மாலை தால் ஏரிக்கரையில் இந்த நால்வருக்கும் சால்வை போட்டார்கள். கைதட்டல், வீடியோ, ஆளுக்கு ஒரு பூங்கொத்து. சித்தப்பா கூச்சத்தோடு நின்றார், ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் கண் கலங்கியது.

மறுநாள் காலை, கிளம்பும் நேரத்தில், அந்த நான்கு பேரையும் பின்னால் வரும் டெம்போ டிராவலரில் ஏற்றினார்கள். "பெரியவர்களின் வசதிக்காக" என்றார் ஒருங்கிணைப்பாளர். சித்தப்பாவுக்கு நான் பணம் கட்டியதே என் பின் இருக்கைக்குத்தான். பஞ்சாப் சுபேதாரோ தனியாகத் தானே வண்டி ஓட்டுவதற்காகக் கட்டியிருந்தார். அவருடைய வண்டியை நிறுவனத்தின் ஆள் ஓட்டி வந்தார். குளிர்பதனம் போட்ட வண்டியின் ஜன்னலில் நான்கு வயதான முகங்கள், முன்னால் அவர்களைக் கௌரவிக்கக் கொடி கட்டிக்கொண்டு போகும் நாங்கள். சோனமார்க் வரை 80 கிலோமீட்டர் அந்த ஜன்னலைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மனசே சரியில்லை. அன்று இரவு ஒருங்கிணைப்பாளரிடம் உட்கார்ந்து பேசினேன். சான்றிதழ் கேட்டீர்கள், கொடுத்தோம், பிறகு எதற்கு இந்த ஏற்பாடு என்றேன். சுபேதாரும் வந்து தன் பங்குக்குச் சொன்னார். ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் சுபேதார் தன் வண்டியில், சித்தப்பா என் பின்னால். மற்ற இருவரும் முழங்கால் வலி என்று டெம்போவிலேயே வந்தார்கள், அது அவர்கள் விருப்பம்.

சரி, ஜோஜி லாவுக்கு வருகிறேன். சோனமார்க்கைத் தாண்டினால் பால்டால். அமர்நாத் யாத்திரை நடக்கும் மாதம் என்பதால் அங்கே வாகன நெரிசல் பயங்கரம். அதைக் கடந்ததும் மலைச்சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும் மண்பாதை. கணவாயின் உயரம் 3,528 மீட்டர். லாரிகள் வரிசையாக இறங்க, பனி உருகிய தண்ணீர் பாதையின் குறுக்கே ஓட, சேற்றில் சக்கரம் பாம்பு மாதிரி நெளியும். ஒரு பக்கம் தடுப்பே கிடையாது. நான் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஓட்டினேன். பின்னால் இருந்து சித்தப்பாவின் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "பள்ளத்தப் பாக்காத. நீ எங்க பாக்குறியோ வண்டி அங்கதான் போகும். லாரி டிரைவர் கண்ணப் பாரு, அவன் உனக்கு வழி விடுவான்." விட்டார்கள். ஒவ்வொரு லாரிக்காரரும் விட்டார்.

அந்தப் பாதையைப் பற்றி அவரே சொன்ன ஒன்று. முதல் காஷ்மீர் போரில், 1948 நவம்பரில் இதே கணவாயைப் பிடிக்க இந்திய ராணுவம் ஸ்டூவர்ட் டாங்குகளை மேலே ஏற்றியது. அவ்வளவு உயரத்துக்கு டாங்கு வரும் என்று எதிரில் இருந்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. கோவேறு கழுதை போகும் தடத்தை டாங்கு போகும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். நம்ம ஆட்கள். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் இந்தக் கதையை ஒரு தமிழ் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) அவருக்குச் சொன்னாராம். ரைடில் இருந்த யாருக்கும் இது தெரியவில்லை. காலையில் பத்து நிமிடம் பேசும் பிரீஃபிங்கில் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஏற்றம் எல்லோருக்குமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த நிறுவனத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். முன்னால் ஒரு லீட் ரைடர், கடைசியில் ஒரு ஸ்வீப், நடுவில் இரண்டு மார்ஷல்கள். நேர்வரிசையில் ஒட்டிக்கொண்டு போகாமல், ஒருவர் வலம் ஒருவர் இடமாகத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். திருப்பங்களில் மார்ஷல் நின்று கடைசி வண்டி வரும் வரை காத்திருப்பார். தினமும் இரவு ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வந்தது. ஜோஜி லாவில் ஒரு பெண்ணின் வண்டியில் கிளட்ச் கேபிள் அறுந்தபோது, எங்களோடு வந்த காஷ்மீரி மெக்கானிக் தம்பி சேற்றில் முட்டி போட்டு இருபது நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இந்தப் பயணத்தின் சொத்தே அவர்தான்.

பெண்கள் கவனிக்க: சோனமார்க்கில் இருந்து திராஸ் வரை எங்களுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் தகரம் அடைத்த கழிப்பறை கிடைத்தது, அதில் தண்ணீர் இல்லை. 31 பேரில் நாங்கள் ஆறு பெண்கள். நிறுவனம் இதைப் பற்றி யோசித்த மாதிரியே தெரியவில்லை. மடக்குக் கூடாரம் ஒன்றை டெம்போவில் வைத்திருந்தால் போதும், பெரிய செலவில்லை. இதை நேரிலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன்.

கணவாயைத் தாண்டியதும் உலகமே மாறிவிடுகிறது. பைன் மரங்கள் மறைந்து, மொட்டை மலைகள், நடுவில் பச்சைப் புல்வெளி, ஓரமாக ஆறு. மட்டாயன் என்கிற கிராமத்தைத் தாண்டிப் பாதை நன்றாக இருந்தது. அப்போது சித்தப்பா என் தோளைத் தட்டினார். "பாப்பா, கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவு வரும். பெரிய பாறை இருக்கும். அங்க நிறுத்த முடியுமா? பத்து நிமிஷம் போதும்." அவர் தனக்காக ஒன்று கேட்டு நான் கேட்டதே இல்லை. நான் ஹாரன் அடித்து மார்ஷலிடம் சொன்னேன். மார்ஷல் வாக்கிடாக்கியில் லீடிடம் கேட்டார். முடியாது, கார்கிலில் மதியச் சாப்பாடு, ஏற்கெனவே தாமதம் என்று பதில் வந்தது. வரிசையில் நடுவில் இருந்தோம், தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது என்பது விதி. பாறை வந்தது, போனது. சித்தப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார், வண்டியின் எடை சாய்ந்ததில் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அதே காலையில், பனிக்கட்டி மேல் நின்று குழுப் படம் எடுக்க முப்பத்தைந்து நிமிடம் நின்றிருந்தோம்.

இந்தப் பயணத்தின் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் முழுக்க இந்த இடத்தில்தான். பெயரில் முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள், கால அட்டவணையில் அவர்கள் இல்லை.

அடுத்தது ஜூலை 26-ஆம் தேதி, கார்கில் வெற்றி தினம். கார்கில் போர் நினைவிடத்தில் நடக்கும் விழாவில் கலந்துகொள்ளலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அன்று பிரதமர் வந்தார். அப்படி ஒரு நாளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது என்பது யாருக்கும் புரியும். எங்களுக்குச் சீட்டு வாங்கவே இல்லை. இதைக் கார்கிலில் தங்கியிருந்த ஹோட்டலில் 25-ஆம் தேதி இரவு பத்து மணிக்குச் சொன்னார்கள். காலையில் ஹோட்டல் கூடத்தில் டிவியில் விழாவைப் பார்த்தோம். பீகார்க்காரர் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு தயாராக வந்து உட்கார்ந்திருந்தார். தேசிய கீதம் ஒலித்தபோது நால்வரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். சமையல் கட்டில் இருந்தவர்களும் வெளியே வந்து நின்றார்கள். அந்தக் காட்சியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு, இவ்வளவு தூரம் தாண்டி வந்த மனிதரை டிவி முன்னால் உட்கார வைத்தது தப்பு. முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருந்தால், 26 முடிந்து போகும்படி தேதியை மாற்றியிருப்போம்.

27-ஆம் தேதி திராஸுக்குத் திரும்பிப் போனோம். கார்கிலில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். அன்று கூட்டம் குறைவு. டோலோலிங் மலை நெடுஞ்சாலைக்கு நேர் மேலே எழுந்து நிற்கிறது, அதன் காலடியில்தான் நினைவிடம். 1999-இல் அந்த உச்சியைப் பிடித்து வைத்திருந்த பாகிஸ்தான் படையினருக்குக் கீழே போகும் ஒவ்வொரு லாரியும் தெரிந்திருக்கும். படத்தில் பார்க்கும்போது இது புரியாது. சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஜூன் 13-ஆம் தேதி ராஜ்புதானா ரைஃபிள்ஸ் அதைப் பிடித்தார்கள். ஜூலை 4-இல் டைகர் ஹில். நினைவிடத்தில் ஒரு ஜவான் ஒவ்வொரு சிகரமாகக் கையைக் காட்டி, எந்தப் படை எந்தப் பக்கமாக ஏறியது என்று சொன்னார். ஹிந்தியில்தான். சித்தப்பா எனக்கு மெதுவான குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே ஜவான் சொல்லாத சிலவற்றையும் சேர்த்துக்கொண்டார், எந்தப் பீரங்கி எங்கே நின்றது, எந்த ஓடையில் தண்ணீர் பிடித்தார்கள் என்று.

இளஞ்சிவப்பு மணற்கல் சுவரில் இறந்தவர்களின் பெயர்கள். அரசுக் கணக்கில் 527 பேர். மேஜர் சரவணன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். திருச்சிக்காரர், பீகார் ரெஜிமெண்ட். 1999 மே 29-இல் பட்டாலிக் பகுதியில் இறந்தார், உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா விருது. நான் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்ததும் பக்கத்தில் நின்றிருந்த எங்கள் பீகார்க்காரர், "ஹமாரே சாப்" என்றார். எங்கள் அதிகாரி என்று அர்த்தம். அவரும் அதே ரெஜிமெண்ட்தானாம். மூன்று நாள் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம், இது தெரியாமல். சித்தப்பாவும் ஒரு பெயரைத் தேடினார். கண்ணாடியை ஹோட்டலிலேயே விட்டுவிட்டதால் என்னைப் படிக்கச் சொன்னார். அந்தப் பெயர் வந்ததும் "போதும்மா" என்றார். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் வெளியே வாகன நிறுத்துமிடத்தில் எங்கள் குழுவில் சிலர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சத்தம் எழுப்பிக்கொண்டு கோஷம் போட்டார்கள். உள்ளே கேட்டது. அவர்களுக்கு மரியாதை இல்லை என்று சொல்ல மாட்டேன், உணர்ச்சியில்தான் செய்தார்கள். அங்கே அப்படிச் செய்யக் கூடாது என்று ஒருங்கிணைப்பாளர்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் நான் முடிவு செய்துவிட்டேன். லீட் ரைடரிடம் போய், மட்டாயன் பக்கம் நாங்கள் போய்விட்டு இரண்டு மணி நேரத்தில் வருகிறோம் என்றேன். யோசித்தார், தயங்கினார். அந்த மெக்கானிக் தம்பிதான், "நான் கூடப் போறேன் மேடம்" என்று தன் வண்டியை எடுத்தார். அவர் முன்னால், நாங்கள் பின்னால். சித்தப்பா சொன்ன பாறை அங்கேயே இருந்தது.

இறங்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் பேச ஆரம்பித்தார்.

ஜூன் மாதம். பகலில் இந்தச் சாலையில் வண்டி ஓட்டினால் மேலே இருந்து குண்டு விழும். அதனால் ராத்திரியில்தான் கான்வாய். முகப்பு விளக்கு போடக் கூடாது. முன்னால் போகிற லாரியின் பின் அச்சில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த உருண்டை இருக்கும், அதன் மேல் ஒரு சின்ன விளக்கு விழும். அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். புள்ளி நின்றால் நிற்க வேண்டும், புள்ளி மறைந்தால் வளைவு என்று அர்த்தம். அவருடைய லாரியில் போஃபர்ஸ் பீரங்கிக்கான குண்டுகள். ஒரு ராத்திரி, இந்த இடத்தில், குண்டு விழ ஆரம்பித்ததும் கான்வாயை நிறுத்தச் சொன்னார்கள். பாறையின் மறைவில் லாரியை ஒட்டி நிறுத்தினார். மூன்று மணி நேரம்.

"மேலயும் குண்டு, முதுகுக்குப் பின்னாடியும் குண்டு. என்ன பண்றது? உன் லெட்டர் அன்னைக்குத்தான் வந்திருந்துச்சு. பிரிக்கவே இல்ல. கம்பளியத் தலையோட மூடிக்கிட்டு, பென் டார்ச் வச்சுப் படிச்சேன்."

நான் எழுதிய இன்லேண்ட் லெட்டர். அந்த வருடம்தான் எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். அவருடைய பெயர், படை எண், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று எழுதிப் போட்டால் அவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் போய்ச் சேரும். 431 மார்க், கணக்கில் 97 என்று எழுதியிருந்தேன். அவர் பதிலாக எழுதியது இரண்டே வரி: சந்தோஷம், பிளஸ் ஒன்னில் கணக்கு எடு. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாரே என்று அப்போது எனக்கு வருத்தம்.

"97-ஐத் திருப்பித் திருப்பிப் படிச்சேன் பாப்பா. வேற ஒண்ணும் நெனைக்கக் கூடாதுன்னு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. எழுந்து, பாறையைச் சுற்றிவந்து ஒரு முறை பார்த்தார். மெக்கானிக் தம்பி தூரத்தில் வண்டியின் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும் வழியில் திராஸ் கடைத்தெருவில் தேநீர். கடைக்காரர் எழுபது வயது இருப்பார். சித்தப்பா லாரி ஓட்டினார் என்று தெரிந்ததும் உள்ளே இருந்து ஸ்டூலை எடுத்துவந்து எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார். போரின்போது அந்த ஊர் ஆண்கள் பலர் சிப்பாய்களுக்காகக் குண்டுப் பெட்டிகளையும் தண்ணீரையும் முதுகில் சுமந்து மலையேறியவர்கள். அவரும் அப்படித்தான். இருவரும் ஹிந்தியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். எந்த இரவு, எந்த ஓடை, எந்தப் பீரங்கி. லாரி சாலையோரம் இறக்கிவைத்த பெட்டியை அங்கிருந்து மேலே சுமந்தவர் அவர். 25 வருடம் கழித்து ஒரே பெட்டியின் இரண்டு கைப்பிடியும் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. திராஸ்காரர்களில் ஒருவரைக்கூட இந்த ரைடில் யாரும் எங்களுக்கு அறிமுகம் செய்யவில்லை. சால்வை வாங்கும்போது இன்னும் நாலு சேர்த்து வாங்கி, அங்கே கொண்டுவந்து போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு கார்கிலில் இருந்து லே வரை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நமிகா லா, ஃபோட்டு லா என்று இரண்டு கணவாய்கள், ஃபோட்டு லா 4,108 மீட்டர். ஆனால் சாலை அருமை, ஜோஜி லாவோடு ஒப்பிட்டால் நம்ம பெங்களூர் ஹைவே மாதிரி. லாமாயூருவில் மதியச் சாப்பாடு. லேயில் ராணுவம் நடத்தும் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கு அவசியம் நேரம் ஒதுக்குங்கள், எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள்.

சாப்பாடு எல்லா இடத்திலும் ராஜ்மா, சாதம், ரொட்டி, தால். நன்றாகவே இருந்தது. நான் புளிக்காய்ச்சலும் தட்டையும் கொண்டு போயிருந்தேன், மூன்றாம் நாளில் இருந்து குழுவே என் பையைத் தேடி வந்தது. உங்கள் சிம் ப்ரீபெய்டாக இருந்தால் அங்கே வேலை செய்யாது, கிளம்பும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். ஜூலையிலும் கணவாயில் கை விறைக்கும். நீர் புகாத கையுறை முக்கியம். துணிக் கையுறை அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், பாதுகாப்புக்கும் மெக்கானிக்குக்கும் ஐந்து. வண்டிக்கு நான்கு. ரைடு யாருக்காக என்று சொல்லி அழைத்துப் போனார்களோ அவர்களை நடத்திய விதத்துக்கு இரண்டுக்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை. ஊருக்கு வந்ததும் இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளரே போன் செய்து பொறுமையாகக் கேட்டார். முன்னாள் ராணுவத்தினரை டெம்போவில் ஏற்றுவதற்கு முன் அவர்களையே கேட்போம் என்றார். விழாவுக்கான அனுமதிச் சீட்டு பற்றி விளம்பரத்தில் தெளிவாகப் போடுவோம் என்றார். பாறை விஷயத்துக்கு மட்டும், எல்லோருக்கும் ஒவ்வொரு இடம் இருக்குமே மேடம், எப்படி நிறுத்துவது என்றார். எங்கள் பயணத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நாற்பது நிமிடம்.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துப் பெரியவர் இருந்தால், உடம்பு இடம் கொடுத்தால், கட்டாயம் கூட்டிப் போங்கள். பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பெரியவர் வண்டியில் வருவாரா, வேனிலா? 26-ஆம் தேதி சீட்டு கையில் இருக்கிறதா? அவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா?